மாரிக்குச் சுட்ட வற்றாளை

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கிவிட்டால் திருகோணமலை வீடுகளில் வற்றாளைக் கிழங்கு (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) அவியும். சப்பென்று இருந்தால் கிழங்கைக் குறை சொல்வோம். பெரும்பாலும் பிழை, சூடேற்றும் வேகத்தில்தான். ஜப்பானியர் குளிர்காலத்தில் தெருவண்டியில் வாங்கி உண்ணும் ‘யாக்கி இமோ’, சூடான கல்லில் மெல்லச் சுட்ட இதே கிழங்குதான். சீனி ஒரு துளியும் சேர்க்காமலே பாகாக இனிக்கும்.

பச்சைக் கிழங்கில் அதிகம் இருப்பது மாப்பொருள். அதை மோல்ற்றோசு என்ற சீனி வகையாக மாற்றும் நொதியம் கிழங்குக்குள்ளேயே உண்டு. உட்பகுதி சுமார் 65 முதல் 75 பாகை செல்சியசில் நிற்கும்போது அது மும்முரமாக வேலை செய்யும். மேலும் சூடேறினால் அழிந்துவிடும். கொதிநீரும் மைக்ரோவேவும் அந்தக் கட்டத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றன. சூடான கல்லில் கிழங்கு மெல்ல மெல்லத்தான் வேகும்.

கனமான இரும்புத் தாச்சியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். கல்லைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்திருக்க வேண்டும். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். கரையில் முருகைக்கல் பொறுக்கவே வேண்டாம். நடுத்தர நெருப்பில் கால் மணித்தியாலம் கல்லைக் காய்ச்சி, நெருப்பை நன்கு குறைத்த பிறகு, 200 முதல் 250 கிராம் வரையான கிழங்குகளைத் தோலோடு, வெட்டாமல் பாதி புதையும்படி வைத்து மூடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் ஒரு மணித்தியாலம் தொடக்கம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். ஈர்க்கு தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். நுனியில் பாகு கசிந்து, குமிழியிட்டுக் கறுத்திருந்தால் அதுதான் பதம். ஒட்டாத பூச்சுச் சட்டியை இதற்குப் பாவிக்கக் கூடாது. வீட்டில் அவண் (மின் வெதுப்பி) உள்ளவர்கள் 160 பாகையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தால் போதும்.

நெருப்பைக் கூட்டினால் தோல் கருகும், நடு இனிக்காது. அன்று கிண்டிய கிழங்கும் அவ்வளவு இனிக்காது. காற்றோட்டமான இடத்தில் சாக்கின்மேல் இரண்டு மூன்று கிழமை கிடக்கட்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு: 10 பாகைக்குக் கீழே உள்ளே கட்டிபட்டு, எவ்வளவு சுட்டாலும் இளகாது. கூன்வண்டு துளைத்து, கசப்பு ஏறிய கிழங்கை முழுதாக எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, நெருப்பில் போகாது.

1735இல் அவோக்கி கொன்யோ என்ற அறிஞர் பஞ்சகாலத்துக்கு உதவும் என்று எடோ நகரில் (இன்றைய தோக்கியோ) பயிரிட்டுக் காட்டிய கிழங்கு இது. இன்று ஜப்பானில் சுப்பர்மார்க்கெட் வாசலில் மின்னடுப்பில் சுட்டே விற்கிறார்கள். நம் கடற்கரையில் கச்சான் வறுப்பவர்களிடம் தாச்சியும் நெருப்பும் ஏற்கெனவே உண்டு. கச்சான் வறுக்கும் மணல் தாச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு தாச்சியில் கல் போட்டால் போதும். சிரட்டைக் கரி என்றால் எரிவாயுச் செலவும் இல்லை. கிழங்கை உடைக்காமல் முழுதாகவே கடதாசியில் சுற்றிக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே உடைத்தால் ஆவி போய் உலர்ந்துவிடும். வீட்டில் என்றால் பிளேன்ரீயோடு, சூடாகவே சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.