சூரியன் வரும்வரை காத்திருப்போம்

எங்கள் வட்டாரப் பொங்கல் ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டு விழாவில் மூன்றாவது அடுப்பில் நின்றவள் நான். தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது, சனிக்கிழமை. மாலை 6 மணிக்கே பானையில் பால் ஊற்றிவிட்டோம். சிறப்பு விருந்தினர் வர 8 மணி ஆகும் என்று தெரிந்ததும், "அக்கா, தீயைக் குறைச்சு வைங்க, அவர் வர்றதுக்குள்ள பொங்கிடப்போகுது" என்றார் உங்களில் ஒரு தம்பி. குறைத்தேன். பால் எழும்பும்போதெல்லாம் கரண்டியால் கலக்கி அடக்கினேன். அவர் வந்த பிறகு தீயைக் கூட்டினோம். படம் எடுத்தார்கள். எல்லாரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்றோம். வெளியே நன்றாக இருட்டிவிட்டிருந்தது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. விருந்தினர் மேலும் இல்லை, அவர் நம்மை மதித்து வந்தவர். ஆனால் பொங்கி வந்த பாலை நானே என் கையால் அடக்கியது மனத்தைப் போட்டு அறுக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

அடுத்த பொங்கலுக்குப் பானையைத் தை முதல் நாள் காலையில், சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி ஏற்றுவோம். நான் கேட்பது இவ்வளவுதான். ஆடல் பாடல், கோலப் போட்டி, சாப்பாடு எல்லாம் வழக்கம்போல வார இறுதி மாலையில் இருக்கட்டும்.

தீபாவளிக்கு இங்கே சிங்கப்பூரில் பொது விடுமுறை உண்டு, பொங்கலுக்குக் கிடையாது. ஜனவரி 14 அல்லது 15 வேலை நாளில் வந்துவிட்டால் யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதில் கடிகாரத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் பொங்கலன்று இங்கே சூரியன் 6.40 வாக்கில் வந்துவிடும். என் அம்மா பொங்கி இறக்கி, படைத்து, எங்களுக்கு ஊட்டியும் விட்டு, நேரத்தோடு பள்ளிக்கு அனுப்பினார். இப்போது உதயம் 7.10ஐ ஒட்டி. பெரும்பாலான பள்ளிகள் 7.30க்குத் தொடங்குகின்றன. சரியாகப் பால் பொங்கும் நேரத்தில் பிள்ளைகள் பேருந்தில் இருக்கிறார்கள். பொங்கல் வார இறுதிக்கும் மாலைக்கும் நகர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படி மேற்குப் பார்த்தது. அதனால் அடுப்பில் பொங்கியதும் பானையோடு பொது நடைபாதைக்கு வருவேன், அது கிழக்கு. முந்தின இரவே அங்கே கோலம் போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, நான் கேட்காமலே தன் பூந்தொட்டிகளை ஒதுக்கி வைத்துவிடுவார். கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டிய பானை, சுவரில் சாய்த்த கரும்பு, வாழையிலையில் ஒரு கைப்பிடி பொங்கல். எதிர்ப்புறத்தின் இரண்டு அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே சூரியன் வரும்.

டிசம்பர் 21, 22 வாக்கில் அவன் வலப்பக்க புளோக்கை உரசிக்கொண்டு எழுவான். அதற்கு மேல் தெற்கே போவதில்லை. தை முதல் நாளுக்குள் தன் அகலத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு வடக்கே, எனக்கு இடப்பக்கமாக, நகர்ந்திருப்பான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குப் பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய சமம்தான். ஊரில் இருப்பவர்களுக்குப் பகல் நீள்வது தெரியும், இங்கே அதுவும் தெரியாது. அவன் எழும் இடம் மாறுவதை வைத்துத்தான் உத்தராயணத்தைக் கண்ணால் பார்க்க முடியும். என் மகனுக்கு இதை நடைபாதைச் சுவரில் பென்சில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். நம் புளோக் பிள்ளைகள் எல்லாருக்கும் காட்ட ஆசை. மாலை விழாவில் எதைக் காட்டுவது?

இடம் பார்த்துவிட்டேன். கூடைப்பந்துத் திடலின் கிழக்கு ஓரம் திறந்திருக்கிறது, காலை வெயில் நேரே விழும். ஜனவரியில் மழை வரும், அதனால் பக்கத்துக் கூரைக் கொட்டகையையும் சேர்த்துக் கேட்போம். மேகம் மூடினாலும் கிழக்கு கிழக்குதானே. மூன்று பானை போதும். 6.15க்கு அடுப்பு, பால் பொங்கியதும் புது அரிசியும் பாசிப்பருப்பும், 7 மணிக்கு வெல்லம். பால் முன்கூட்டியே பொங்கினால் பொங்கட்டும், இனிமேல் யாரும் கரண்டி போட்டு அடக்க வேண்டாம். தீ என்றால் நகர மன்றத்துக்குக் கவலை இருக்கும். அடுப்புக்கு அடியில் தகரத் தட்டு, பக்கத்தில் இரண்டு வாளி மணல் வைத்து 8 மணிக்குள் கழுவிக் கொடுத்துவிடுவோம் என்று எழுத்தில் கொடுக்கலாம். வட்டாரப் பள்ளிகளுக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் போட்டு, விரும்பும் பிள்ளைகளுக்கு அன்று மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சீருடையிலேயே வந்து, கோலத்தைச் சுற்றிவிட்டு, உதயத்துக்கு முன்பே ஓடட்டும். அப்புறம், நம் புளோக்கில் இரவு வேலை பார்க்கும் பாதுகாவலர் அண்ணன்கள் இருவர் இருக்கிறார்கள். மாலை விழாவுக்கு ஒரு வருடம்கூட அவர்களால் வர முடிந்ததில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர்கள் கையில் சூடாக ஒரு கிண்ணம் கொடுக்கலாம்.

மண்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் முந்தின நாள் தேக்கா சந்தையில் நானே வாங்கி வருகிறேன். கோலத்துக்கு இரண்டு பெண்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், 5.30க்கே இறங்கிவிடுவோம். திடல் ஓரத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டு போட்டிருக்கிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மூன்றாவது அடுப்புக்காரி