தானியங்கிப் பிடித்தம் தவறி விடுபடும் காப்பீடுகளைத் தொடரச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
காப்பீட்டுப் பதிவில் உதவும் தன்னார்வலர்கள்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகர்கோவில்.

பொருள்: பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீட்டுப் புதுப்பிப்பு – முகாம் நாட்களை மாற்றியமைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு எவ்வகை மரணத்துக்கும் 2 லட்சம் தருவது ஜீவன் ஜோதி. 20 ரூபாய்க்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம் தருவது சுரக்ஷா. விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவர்கள் அல்லர். மே கடைசி வாரம் வங்கி பணம் பிடிக்கும்போது கணக்கில் இருப்பு இல்லை, அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துக்கு அது கைமுடை வாரம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1-ல் தொடங்குவதால் மே இறுதியில் காசை இறுக்கிப் பிடிப்பார்கள். மலையோரத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் பால்வெட்டு நிற்கும். பள்ளித் திறப்புச் செலவு வேறு. கண்முன் நிற்கும் செலவு, என்றோ வரக்கூடிய இழப்பை மறைத்துவிடுகிறது. ஒக்கி போன்ற புயல் நினைவில் இருக்கும்வரை சேரத் தோன்றும். பிறகு "நமக்கு என்ன ஆகப்போகுது" என்றாகிவிடும். 20 ரூபாய்த் திட்டமே மாரடைப்புக்கும் உதவும் என்று நம்புவது வேறு வகை. அதற்கு விளக்கம் சொன்னால் போதும்.

விடுபட்டு மீண்டும் சேர்ந்தால் ஜீவன் ஜோதியில் முதல் 30 நாட்களுக்கு விபத்தல்லாத மரணத்துக்குத் தொகை கிடையாது.

வங்கி பணம் பிடிக்கும் நாளை மாற்றுவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். வங்கியாளர் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் முதல் வாரத்திலும், பிற இடங்களுக்கு மே முதல் பாதியிலும் முகாம் நடத்தி, அங்கேயே கணக்கில் பணம் போடச் செய்ய வேண்டும். சரியாக 456 ரூபாய் போட்டால், குறுஞ்செய்திக் கட்டணம் கழிந்தாலே இரண்டில் ஒரு பிடித்தம் தவறும். 500 போடச் சொல்வது நல்லது. அதே வரிசையில் வாரிசு நியமனத்தையும் சரிபார்க்கலாம். இரண்டு வங்கிகளில் பிடித்தம் போனாலும் காப்பு ஒன்றுக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

"இருப்பு வைக்கவும்" என்ற குறுஞ்செய்தி யாரையும் அசைப்பதில்லை. "உங்கள் குடும்பத்தின் 2 லட்சம் ரூபாய்க் காப்பு மே 31-உடன் முடிகிறது" என்று தமிழில் அனுப்பினால் கையிலிருப்பது போகிறதே என்று பதறுவார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் பிடித்தம் தவறியோர் பட்டியலைக் கிளைகள் எடுத்து, வங்கி முகவர்களிடமும் மகளிர் குழுக்களிடமும் தர வேண்டும். அப்போதும் முடியாதவர்களுக்குச் செப்டம்பரில் மற்றொரு முகாம்: தடைக்காலம் முடிந்து கையில் காசு புழங்கும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஜீவன் ஜோதிக்கு 342 ரூபாய்தான். அடுத்த மே மாதம் முழுத் தொகை பிடிக்கப்படும் என்பதைப் படிவத்திலேயே எழுதித் தர வேண்டும்.

இங்ஙனம்,
தன்னார்வலர்கள்