ஃபண்ட் பெரியது, ஆனால் விற்க ஆள் உண்டா? செபிக்கும் ஆம்ஃபிக்கும் ஒரு திறந்த மடல்

பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் மதிப்பிற்குரிய தலைவருக்கும், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நிர்வாகிகளுக்கும், வணக்கம்.

பங்குகளைப் போலவே சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டான இ.டி.எஃப். வாங்கப்போகிற சிறு முதலீட்டாளர் முதலில் பார்ப்பது ஃபண்டின் மொத்தச் சொத்து மதிப்பை. பல்லாயிரம் கோடி என்றால் நினைத்த நேரத்தில் விற்றுவிடலாம் என்று நம்பிவிடுகிறார். அந்தக் கோடிகள் யாருடையவை என்ற விவரம் ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் தகவல் தாளான ஃபேக்ட்ஷீட்டில் பொதுவாக இருப்பதில்லை.

கண்முன்னே உள்ள சான்று எஸ்.பி.ஐ. நிஃப்டி 50 இ.டி.எஃப். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்டில் தன் புதிய வரவில் 5 சதவீதத்தை இ.டி.எஃப்.களில் போடத் தொடங்கி, பிறகு அதை 15 சதவீதம் வரை உயர்த்தியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு எஸ்.பி.ஐ., யு.டி.ஐ. நிறுவனங்களின் நிஃப்டி, சென்செக்ஸ் இ.டி.எஃப்.களுக்குப் போனது. எஸ்.பி.ஐ.யின் ஃபண்ட் அப்படித்தான் மலைபோல வளர்ந்தது. ஆனால் 2001 இறுதியில் தொடங்கப்பட்ட நிஃப்டி பீஸ் என்ற இ.டி.எஃப்., அதைவிட மிகக் குறைந்த சொத்தை வைத்துக்கொண்டே பங்குச் சந்தையில் அதிகமாகக் கைமாறுகிறது. வைப்பு நிதி வைத்திருக்கும் யூனிட்கள் (ஃபண்டின் சிறு பங்குகள்) நீண்டகாலத்துக்கு வாங்கி வைக்கப்பட்டவை. அன்றாட வர்த்தகத்துக்கு அவை வருவதில்லை.

பெரிய நிறுவனங்கள் இருப்பதே கேடு என்று நாங்கள் சொல்லவில்லை. நிஃப்டி இ.டி.எஃப்.களின் செலவு விகிதம் (ஃபண்டை நடத்த ஆண்டுதோறும் பிடிக்கும் தொகை) 0.05 சதவீதத்தை ஒட்டி இறங்கியதில் அந்தப் பெரும் பணத்துக்கும் பங்குண்டு. சிக்கல் வெளியேறும் வாசலில் இருக்கிறது. ஒரே முறையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் விற்பவர் நேராக ஃபண்ட் நிறுவனத்திடம் போய், ஃபண்டுக்குள் இருக்கும் பங்குகளின் விலையிலேயே யூனிட்டைக் கொடுத்துவிடலாம். சிறு முதலீட்டாளருக்குச் சாதாரண நாட்களில் சந்தை மட்டுமே வழி. அங்கே அன்று யார், எத்தனை யூனிட்டுக்கு, என்ன விலை வைத்திருக்கிறார்களோ அதுதான் விலை.

வாங்குபவருக்கும் இதே கதிதான். ஒரு கணக்குப் போடுவோம். என்.ஏ.வி. (ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் சொத்தின் மதிப்பு) 250 ரூபாய். விற்பவர் பக்கம் 253-இல் 200 யூனிட், அடுத்து 256-இல் 500 யூனிட். 500 யூனிட் வாங்க, கிடைக்கிற விலைக்கு எடுக்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் 1,27,400 ரூபாய் ஆகும், என்.ஏ.வி.படி 1,25,000தான். 2,400 ரூபாய் போயிற்று. 0.05 சதவீதச் செலவு விகிதத்தில் இந்த முதலீட்டுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 62.50 ரூபாய். 38 ஆண்டுச் செலவு ஒரே ஆர்டரில் கரைந்துவிட்டது! வர்த்தக நேரத்தில் அவ்வப்போது கணக்கிடப்படும் என்.ஏ.வி.யான ஐநேவ்-ஐப் பார்த்து, அதையொட்டி நாமே விலை வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் தப்பியிருக்கலாம். பல புரோக்கர் செயலிகளின் ஆர்டர் திரையில் ஐநேவ் காட்டப்படுவதே இல்லை.

சிறிய துறைசார் இ.டி.எஃப்.களில் ஆபத்து இன்னும் கூடுதல். பாதிக்கு மேல் ஒரே நிறுவனம் வைத்திருந்து, ஒருநாள் மொத்தமாக வெளியேறினால் ஃபண்ட் சுருங்கும். எப்போதும் வாங்கும், விற்கும் விலை இரண்டையும் வைத்துச் சந்தையை நடத்தும் மார்க்கெட் மேக்கருக்கு அங்கே சரக்கு வைத்திருப்பது கட்டுப்படியாகாது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இடைவெளி விரியும். மிஞ்சியிருப்பவர்கள் அந்த இடைவெளியில்தான் விற்க வேண்டும்.

சாதாரண மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்தில் குறைந்தது 20 முதலீட்டாளர்கள் வேண்டும், ஒருவரிடம் 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2003-இல் வந்த விதி. இ.டி.எஃப்.களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சந்தையில் விற்றுவிட முடியும் என்ற துணிவில்தான் இந்த விலக்கு நிற்கிறது. வாங்க ஆளில்லாத இ.டி.எஃப்.க்கு அது எப்படிப் பொருந்தும்?

விலக்கை நீக்கச் சொல்லவில்லை; வருங்கால வைப்பு நிதியின் முதலீட்டை அது முடக்கிவிடும். முதல் 5 யூனிட்தாரர்களின் மொத்தப் பங்கு எத்தனை சதவீதம் என்பதை, பெயர் இல்லாமல், ஃபேக்ட்ஷீட்டில் சொத்து மதிப்புக்குப் பக்கத்திலேயே போட வையுங்கள். கூடவே 1 லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் போட்டால் அந்த மாதம் வாங்கும், விற்கும் விலைகளுக்கு நடுவே சராசரியாக எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதும் வேண்டும். புரோக்கரின் ஆர்டர் திரையில் ஐநேவ் கட்டாயமாகட்டும்.

இன்னொன்று. ஒரு இ.டி.எஃப்.பின் சந்தை விலை 7 வர்த்தக நாள் தொடர்ந்து என்.ஏ.வி.யைவிட 1 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் கிடந்தாலோ, தொடர்ந்து 3 வர்த்தக நாள் விலைக் கோரலே இல்லாவிட்டாலோ, சிறு முதலீட்டாளரும் ஃபண்ட் நிறுவனத்திடம் நேராக, வெளியேறும் கட்டணமின்றி விற்கலாம் என்று நீங்களே விதி வைத்திருக்கிறீர்கள். நல்ல விதிதான். அந்த வாசல் திறந்த செய்தி ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் போடப்படுகிறது. அங்கே தினமும் போய்ப் பார்ப்பவர் யார்? யூனிட் கணக்கிலிருந்து கழிந்தால் டெபாசிட்டரி (டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனம்) குறுஞ்செய்தி அனுப்புகிறதல்லவா, அதே வழியில் இந்தத் தகவலையும் ஒவ்வொரு யூனிட்தாரருக்கும் அன்றே அனுப்ப உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
இ.டி.எஃப். சிறு முதலீட்டாளர்கள் சிலர்