தெருநாய்களுக்குத் தடுப்பூசியும் முதியோருக்கு அச்சமில்லாத நடையும் வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாலக்கோடு வட்டம்,
தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தர்மபுரி.

பொருள்: ஊராட்சிப் பகுதிகளில் தெருநாய்களுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுதல், கருத்தடை செய்தல், நாய்க்கடிபட்ட முதியோருக்கு முழுச் சிகிச்சை கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித்தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. எங்கள் ஊராட்சியில் என் வயதை ஒத்தவர்கள் பலருக்கும் இதே நிலைதான். மருத்துவரிடம் போனால் மாத்திரைச் சீட்டு எழுதும்போதே, "தினமும் அரை மணி நேரமாவது நடங்கள்" என்கிறார். நடக்க எங்களுக்கும் ஆசைதான். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான் வெயில் இல்லாமல் நடக்க முடியும். அந்த இரண்டு வேளையிலும் தெருவே நாய்களின் கையில்தான் இருக்கிறது. கோழிக்கடை முனையிலும் ஏரிக்கரையிலும் கூட்டமாக நிற்கும் நாய்கள், கையில் தடியோடு மெல்ல நடந்து வருபவரைக் கண்டால் சூழ்ந்துகொள்கின்றன. இதனாலேயே நடப்பதை விட்டுவிட்ட பெரியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்து முதியவர்களின் உடம்பைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தலைமுறை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது வரம்பு. அந்த வரம்பைத் தாண்டிய தண்ணீரைத்தான் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்கள் பலவற்றில் பல்லாண்டு காலம் குடித்தோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது பெரும் புண்ணியம். பேரப் பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக இருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் முழங்காலிலும் முதுகெலும்பிலும் முன்பே படிந்த ஃபுளோரைடு இனி இறங்காது. கழுத்தைச் சட்டெனத் திருப்ப முடியாதவர்களும், குனிய முடியாதவர்களும் இங்கே நிறைய. பின்னால் நாய் உறுமினால் இளைஞன் திரும்பி நின்று விரட்டுவான். நாங்கள் தடுமாறி விழுவோம். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு படுக்கைதான். ஆகவே கடிபட்டவர்களின் கணக்கை மட்டும் பார்த்தால் எங்கள் துன்பம் தெரியாது. நாய்க்குப் பயந்து விழுந்தவர்களையும், நடப்பதை நிறுத்திச் சர்க்கரை ஏறியவர்களையும் யாரும் கணக்கெடுப்பதில்லை.

நாய்களை ஒழிக்கச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. வேலைக்காலம் முழுவதும் ஆடு மாடுகளோடும் நாய்களோடும் பழகியவன் நான். ராகிக் களி மீந்தால் வாசலில் காத்திருக்கும் நாய்க்கு ஒரு உருண்டை வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பட்டிக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் இரவுக் காவல் நாய்தான். செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில், கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்குப் பல்லவர் காலத்திலேயே நடுகல் எடுத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் உள்ளாட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது வழக்கமாக இருந்தது. அதை நேரில் பார்த்திருக்கிறேன். சில மாதம் தெரு அமைதியாக இருக்கும். பிறகு அடுத்த ஊர் நாய்கள் வந்து அதே குப்பை மேட்டைப் பிடித்துக்கொள்ளும். வந்தவை ஊசி போடாத, ஊர் மனிதரை அறியாத நாய்கள் என்பதால் தொல்லை முன்பைவிடக் கூடியது. பெண் நாய் சுமார் 63 நாளில் குட்டி ஈனும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று வரை போகும். கொன்று தீர்க்கும் வேகத்தைவிட அது பெருகும் வேகம் அதிகம்.

வெறிநாய்க்கடியால் வரும் வெறிநோய் (ரேபிஸ்) என்றால் என்னவென்று ஒரு மாட்டிடம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாடு தீவனம் எடுக்காது, எச்சில் வடியும், தொண்டை அடைத்தது போல அடிக்குரலில் கத்திக்கொண்டே இருக்கும். மாங்கொட்டையோ பிளாஸ்டிக் பையோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, வீட்டுக்காரர் வாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவுவார். எங்களை அழைக்கும்போது அவர் மனைவியும் துழாவி முடித்திருப்பார். சில வாரங்களுக்கு முன் மேய்ச்சலில் ஒரு நாய் கடித்தது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் வெளியே வரும். மாட்டைக் காப்பாற்ற வழி கிடையாது. அந்த எச்சில் பட்ட அத்தனை பேரையும் ஊசிக்கு அனுப்ப வேண்டும். கறவை மாடு ஒன்றையே நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அன்று இரண்டு இடி. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசி போடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதருக்கும் மீட்சி அநேகமாக இல்லை. கடித்த உடனே கவனித்தால் அதே நோயைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடலாம். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு தெளிவான தடுப்பு இருந்தும் மக்கள் சாகிறார்கள் என்பதுதான் என்னை இந்த மனுவை எழுத வைக்கிறது.

ஏன் சாகிறார்கள் என்பதை ஊருக்குள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விடியும் முன் தக்காளி பறிக்கப் போகும் கூலிப் பெண்மணியை நாய் கடித்தால், கடிவாயில் சுண்ணாம்பு தடவுகிறார்கள், மிளகாய்த்தூள் அப்புகிறார்கள், மந்திரிக்கப் போகிறார்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பது தெரியாது. கழுவுவது ஒன்றே கிருமியைப் பெருமளவு குறைத்துவிடும். அதற்குக் காசும் வேண்டாம். அடுத்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து, குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில் தயாரான காலம் ஒன்று இருந்தது. அந்த வகை மருந்து 2005-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. இப்போது கையில், தோலுக்குள் சிறிய அளவில் போடுகிறார்கள்: கடித்த அன்றே முதல் ஊசி, அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனாலும் என் வயதுக்காரர்கள் இன்றும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

போகிறவர்களும் முழுதாகப் போடுவதில்லை. மூன்று ஊசிக்குள் புண் ஆறிவிடும். 28-ஆம் நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேற மனம் வராது. ஆழமான கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைச் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை உடம்புக்கு அதுதான் பாதுகாப்பு. எங்கள் சுற்று வட்டாரத்தில் அந்த மருந்தைக் கேட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். ராத்திரியில் கடிபட்ட கிழவியைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது எல்லோராலும் ஆகாது. சர்க்கரை உள்ளவருக்குப் புண் ஆறுவதும் தாமதம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

நாட்டு நடப்பைத் தினமும் செய்தித்தாளில் படிப்பவன் நான். 2024-ல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்றது. டீக்கடையில் இதை வைத்து ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. இரண்டாவது உத்தரவே அறிவுக்கும் அனுபவத்துக்கும் பொருந்துகிறது என்பது என் துணிபு. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தி, திரும்ப அங்கே விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. நோயாளியும் குழந்தையும் நடமாடும் இடங்களுக்கு அது நியாயமே. ஆனால் பிடித்த நாய்களை எங்கே வைப்பது? நம் மாவட்டத்தில் அதற்கு என்ன ஏற்பாடு என்பதைத் தாங்கள் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஏற்பாடு இல்லாவிட்டால், நகரத்தில் பிடித்ததை வண்டியில் ஏற்றி எங்கள் ஊர் ஏரிக்கரையில் இறக்கிவிடுவார்கள்.

2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்திருக்கின்றன. எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தது. முன்பெல்லாம் வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லுவோம். இப்போது பல ஊராட்சிகளைப் பார்க்கும் அலுவலர் ஒருவரிடம் நாய்த் தொல்லை கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் நேரே தங்களிடம் வருகிறேன்.

தாங்கள் செய்ய வேண்டுமென்று நாங்கள் கேட்பதில் முதலாவதும் முக்கியமானதும் தடுப்பூசி. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கருத்தடைக்கு அறுவை அரங்கு, கூண்டு, மருத்துவர், அறுவைக்குப் பின் பராமரிப்பு என்று நிறைய வேண்டும். தடுப்பூசிக்கு ஒரு குளிர்பெட்டியும், வலையும், நாய் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரும், ஊர்க்காரர் ஒத்துழைப்பும் போதும். ஆகவே கருத்தடை மையம் வரும் வரை தடுப்பூசி காத்திருக்கக் கூடாது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தன்று நகரத்தில் மட்டும் முகாம் நடத்தினால் எங்களுக்குப் பயனில்லை. ஊராட்சி வாரியாக நாள் குறித்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் சேர்த்துப் போட வேண்டும். என் போன்ற ஓய்வுபெற்ற துறைக்காரர்கள் கூடவே வருவோம். எந்தத் தெருவில் எந்த நாய், யார் சோறு போட்டால் அது நெருங்கி வரும் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சோறு போடுகிறவர்களை விரட்டாமல், அவர்களையே நாயைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கருத்தடைக்கு பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளுக்குப் பொதுவாக ஒரு மையமாவது அமைய வேண்டும். வீட்டு நாய் பெண் குட்டி ஈன்றால் அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தை மேட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். தெருநாய்ப் பெருக்கத்துக்கு இதுவும் பெரிய காரணம். வளர்ப்பு நாய்க்கும் அதே மையத்தில் இலவசமாகக் கருத்தடை செய்தால் அந்தக் கொடுமை குறையும். கோழி, ஆட்டுக் கழிவை ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டும் கடைகளுக்கு அபராதம் போட வேண்டும்.

சுகாதாரத் துறைக்கு ஒரு யோசனை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்துப் பெண் தன்னார்வலர் எங்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். அவர் மாத்திரை கொடுக்கும்போதே, நாய் கடித்ததா, அடுத்த ஊசி எப்போது என்று ஒரு வார்த்தை கேட்டுக் குறித்துக்கொண்டால், 28-ஆம் நாள் ஊசியை விடுபவர்கள் பாதியாகக் குறைவார்கள் என்று நம்புகிறேன். கடிவாயைக் கழுவும் முறையையும், வயிற்றில் ஊசி இப்போது இல்லை என்பதையும் அவர் சொன்னால் எங்கள் பெண்கள் கேட்பார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு அரசு மருத்துவமனையிலாவது இரவு பகல் எந்நேரமும் இம்யூனோகுளோபுலின் இருக்கும்படி உத்தரவிட வேண்டும். எந்த மருத்துவமனை என்பதைப் பேருந்து நிறுத்தங்களில் எழுதி வைக்க வேண்டும்.

தெருவிளக்கு எரியாத இடங்களில்தான் கடி அதிகம் என்பதால், முதியோர் நடக்கும் ஏரிக்கரைப் பாதையில் விளக்குகளைச் சரிசெய்து கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

கால்நடை பராமரிப்பு, சுகாதாரம், ஊரக வளர்ச்சி ஆகிய மூன்று துறை அலுவலர்களையும் ஒரே நாளில் அழைத்துப் பேசி, எங்கள் ஊராட்சிக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும் தேதியை எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊரிலுள்ள மூத்த குடிமக்களின் கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
ஊர்ப் பெரியவர்கள் சார்பாக.

இடம்: பாலக்கோடு