வேட்புமனுவோடு முடிந்துபோகும் இளைஞர்கள்: தமிழ்க் கட்சிகளின் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு, கிழக்கிலுள்ள தமிழ்க் கட்சிகளின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

தலைவர்களை விட்டுவிட்டுச் செயலாளர்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மேடையில் பேசுவது தலைவராக இருக்கலாம். உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த பிறகு விகிதாசார முறையில் கிடைத்த ஆசனம் யாருக்கு என்று எழுதிக் கொடுப்பது நீங்கள்தான். சபையில் நூற்றுக்கு அறுபது பேர் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள். மீதி நாற்பது பேர் கட்சிச் செயலாளர்களின் கையெழுத்தில் வருகிறார்கள். எனக்கு அந்த நாற்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2023ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல் திருத்தச் சட்டப்படி, வேட்புமனுவில் இருப்பவர்களில் கால்வாசிப் பேர் இளைஞர்களாக இருக்க வேண்டும். நல்ல விடயம். ஆனால், பெண்களுக்கான 25 வீதம் சபைக்குள்ளே நிரப்பப்பட வேண்டியது. இளைஞர்களுக்கான 25 வீதம் வேட்புமனுவோடு நின்றுவிடுகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் சட்டத்துக்குக் காணும், ஒருவர்கூட உள்ளே போகாவிட்டாலும் கேட்பாரில்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை எங்கள் ஊரில் பார்த்தேன். மனுத் தாக்கலுக்கு முதல்நாள் பின்னேரம் ஒரு கட்சியின் அமைப்பாளர் என் சிநேகிதி வீட்டுப் படலையில் வந்து நின்றார். “பிள்ளை, உங்கட பிறப்புச் சான்றிதழை ஒருக்காத் தாங்கோ. நீங்கள் ஒரு வேலையும் செய்யத் தேவையில்லை, பேர் இருந்தால் காணும்” என்றார். அவள் பிரதேச சபை நூலகத்தைப் பின்னேரத்திலும் திறந்து வைக்கச் சொல்லி ஊரில் கையெழுத்து வாங்கித் திரிந்தவள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த வட்டாரம் என்றுகூட அவளுக்குப் பிறகுதான் தெரியும். தேர்தல் முடிந்தபின் அந்த மனிதர் படலைப் பக்கம் வரவேயில்லை.

2025இல் பல இடங்களில் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டபோது, இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழும் ஒரு காரணமாக இருந்தது. முறையாக உறுதிப்படுத்திய பிரதியா, வெறும் போட்டோகொப்பியா என்று விவகாரம் நீதிமன்றம்வரை போனது, நிராகரித்த சில மனுக்களை ஏற்கும்படி உத்தரவும் வந்தது. சட்டத்தில் யார் சரி என்பது வேறு கதை. கடைசி நேரத்தில் ஆள் பிடித்தால் கடதாசியும் கடைசி நேரத்தில்தான் வரும்.

இந்த ஒதுக்கீடு சும்மா வந்ததில்லை. 1971இலும் 1987–89இலும் தெற்கில் இளைஞர்கள் ஆயுதம் எடுத்தார்கள். வடக்கில் எழுபதுகளின் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் அதன் பின்னால் வந்தவையும் எங்கள் பெற்றோரின் தலைமுறையை எங்கே கொண்டுபோய்விட்டன என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு உள்ளூராட்சி வேட்புமனுக்களில் 40 வீதம் இளைஞர்களுக்கு என்பது சட்டமானது. 2012இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, விரும்பினால் சேர்க்கலாம் என்று ஆக்கினார்கள். இப்போது 25. இவ்வளவு இரத்தம் சிந்திய நாட்டில் 40இலிருந்து 25க்கு இறங்கியதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, நல்லிணக்கத்துக்கு வருவோம். எங்களைப் பொறுத்தவரை நல்லிணக்கம் என்றால் ஒரு விடுதியில் தங்கவைத்து, நிற அட்டைகளில் கனவுகளை எழுதச் சொல்லி, கடைசியில் குழுப்படம் எடுப்பது. (சாப்பாடு நன்றாக இருக்கும், குறை சொல்ல மாட்டேன்.) இளைஞர், சமாதானம், பாதுகாப்பு பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 2250ஆம் தீர்மானம் 2015இல் வந்தது. அது முடிவெடுக்கும் இடங்களில் இளைஞர்கள் இருக்க வேண்டும் என்கிறது. செயலமர்வுகளில் அப்படி எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை. பிரதேச சபையில் எடுக்கப்படுகிறது: எந்தக் குடியிருப்புக்கு முதலில் வீதி, எந்தச் சந்தையில் யாருக்குக் கடை, எந்த மயானத்துக்கு வேலி. சமூகங்களுக்கிடையில் மனக்கசப்பு வளர்வதும் தணிவதும் அங்கேதான்.

உங்களுக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினரின் பிள்ளைகள் புத்தளத்தில் வளர்ந்தார்கள். பதிவு மன்னாரில், வாழ்க்கை புத்தளத்தில் என்று இருப்பவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் பேருந்து பிடித்து வந்து வாக்களிக்கிறார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று அப்படி வந்த பேருந்துகள் அநுராதபுர மாவட்டத்தின் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன. கல்லும் துப்பாக்கிச் சூடும் கடந்து வந்து வாக்களித்த அந்தப் பிள்ளைகளில் யாரையாவது உங்கள் பட்டியலுக்குக் கேட்டிருக்கிறீர்களா? இராணுவம் பிடித்த காணி பற்றிப் பேசும் அதே வாயால் அவர்களின் காணி பற்றியும் பேச எங்கள் வயதினருக்குத் தயக்கம் குறைவு. நாங்கள் நல்லவர்கள் என்று அர்த்தமில்லை, அந்த ஒக்டோபரில் நாங்கள் பிறந்திருக்கவே இல்லை, அவ்வளவுதான்.

2022 மே 18 அன்று கொழும்பு காலி முகத்திடல் போராட்டக் களத்தில், போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்து கஞ்சி பரிமாறினார்கள். தெற்கு மாறிவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அதற்குப் பிறகும் இங்கே கஞ்சி காய்ச்சியவர்கள் கைதானார்கள். ஆனால் அங்கே நின்ற சிங்கள இளைஞர்களோடு தொடர்ந்து பேச ஆள் வேண்டும். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குப் போனபோது, பெடியள் ஏமாந்துவிட்டார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டேன். ஏமாந்தார்களோ இல்லையோ, உங்களிடம் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

அடுத்தது மாகாண சபை. வட மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21இல். அன்று பதினெட்டு வயது நிரம்பாதிருந்த யாரும் இன்றுவரை அதற்கு வாக்களித்ததில்லை. அவர்களில் சிலருக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், 2018 ஓகஸ்டில் அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. அதோடு எல்லாம் நின்றது. அதிகாரப் பகிர்வு வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம், பகிர்ந்த கொஞ்ச அதிகாரத்துக்கும் வாக்களித்துப் பழகாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

கேட்பவை அதிகமில்லை. ஏற்கெனவே உங்கள் பட்டியலிலிருந்து சபைக்குப் போனவர்களில் 35 வயதுக்கு உட்பட்டவர்கள் யார் யார் என்று சபைவாரியாக வெளியிடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும், இனிமேல் விகிதாசார ஆசனங்களில் கால்வாசி அவர்களுக்கு என்று மத்திய குழுவில் தீர்மானம் போடுங்கள். ஒரு இடம் வெற்றிடமானால் முதலில் அவர்களைப் பாருங்கள். மாகாண சபைத் தேர்தலுக்கு ஆள் தேடுவதை, திகதி அறிவிக்கும்வரை தள்ளிப்போடாமல் இப்போதே தொடங்குங்கள். எழுத்தில் பதில் தந்தால் நல்லது. முடியாது என்றால் அதையும் எழுத்திலேயே தாருங்கள், அடுத்த முறை படலைக்கு வருபவரிடம் காட்டிக் கேட்க உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர் ஒருத்தி