கடைத்தொகைக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

போன வாரம் தொலைபேசியில் நான் உனக்குச் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. "வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, ஆனால் எதற்காக இதெல்லாம் என்று காலையில் எழும்போதே தோன்றுகிறது அப்பா" என்றாய். நான் மூச்சு விடாமல், "மாயை, மாயை, எல்லாம் மாயை என்று பிரசங்கியே சொல்லியிருக்கிறானே அம்மா, தேவனுக்குப் பயந்து நட, போதும்" என்றேன். "சரி அப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரி அப்பா" எனக்குப் பழக்கமானது. சிறுவயதில் கணக்குப் புரியாமலே தலையாட்டுவாயே, அதேதான்.

வேதாகமத்தில் உள்ள பிரசங்கியின் புத்தகம் முடிகிற இடத்தில், "காரியத்தின் கடைத்தொகையைக் கேட்போமாக" என்று ஒரு வசனம் வரும்; தேவனுக்குப் பயந்து நட என்பதுதான் அந்தத் தொகை. கணக்கு எழுதியே பிழைத்தவன் நான்; அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் நடுவில் உள்ள பற்று வரவைப் புரட்டாமல் கடைசித் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் ஆளை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. வேதத்தில் மட்டும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

இந்த வாரம் பன்னிரண்டு அதிகாரங்களையும் வரிவரியாக வாசித்தேன். நம் வேதாகமத்தில் 'மாயை' என்று இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் 'ஹெவெல்' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சிறிய புத்தகத்தில் மட்டும் அது 38 முறை வருகிறது. அதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. குளிரில் வாயிலிருந்து கிளம்பிக் கலைந்து போகுமே, அது. நமக்கோ மாயை என்றதும் பொய்த்தோற்றம் என்றுதான் மனம் போகிறது. நானும் இத்தனை வருடம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நீ பரிசு வாங்கி வந்தபோதும் மாயை, தோற்று அழுதபோதும் மாயை. பேச்சை முடித்துவைக்க எவ்வளவு வசதியான சொல்!

ஆதியாகமத்தில் வரும் ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே சொல்தான். சகோதரன் கையால் அற்பாயுளில் போனவன். ஆனாலும் அவன் கொண்டுவந்த காணிக்கை ஏற்கப்பட்டது. அவன் வாழ்ந்த கொஞ்ச நாளைப் பொய் என்று யார் சொல்ல முடியும்?

இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் பிரசங்கி வேறு ஆளாகத் தெரிகிறான். வீடு கட்டினான், தோட்டம் போட்டான், வெள்ளியும் பொன்னும் சேர்த்தான், எதுவும் கையில் நிற்கவில்லை என்று புலம்புகிறான். ஞானியும் மூடனும் ஒரே மாதிரி சாகிறார்களே என்று கோபப்படுகிறான். அதே வாயால், போய் உன் ஆகாரத்தைச் சந்தோஷமாகச் சாப்பிடு, நேசிக்கிறவர்களோடு வாழு என்கிறான். அதுவும் ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப. முன்பெல்லாம் இதை முரண்பாடு என்று தாண்டிப் போயிருக்கிறேன். மூச்சை அடக்கியே வைத்திருந்தால் திணறித்தான் போவோம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தப் புத்தகத்தைப் பரிசுத்த நூல்களில் சேர்க்கலாமா என்று பழைய யூத அறிஞர்களே வாதாடியிருக்கிறார்கள். மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. கடைசியில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே உன் கேள்வி வேதத்துக்கு உள்ளேயே இருக்கிற கேள்வி. அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துப் பதறியது என் தவறு. எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்றும் நினைத்துக்கொள்ளாதே, கடைத்தொகை சரிதான். நீ இன்னும் நடுப்பக்கத்தில் இருக்கும்போது நான் அதை நீட்டியதுதான் பிசகு.

வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்ததுதான் வம்பு. நான் ஏழு நொடிகூடப் பொறுக்கவில்லை.

பிரசங்கியின் நான்காம் அதிகாரத்தில் ஒரு வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன்: "ஒண்டியாயிருந்து விழுகிறவனுக்கு ஐயோ." நீ வீட்டை விட்டுப் போன நாளிலிருந்து சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறேன். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு அம்மா. அதைச் சொல்.

அன்புடன்,
அப்பா