சுவர் எனக்கு, ஆக்கள் உனக்கு

மச்சான்,

வட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படம் பார்த்தேன். கடைக்குள் நின்று அந்தப் பெரிய லெகோ கோட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் உன் சப்பாத்தையும் வைத்து எடுத்திருக்கிறாய், அளவு தெரியட்டும் என்று. "ஆடியில வரக்குள்ள மருமகளுக்குக் கொண்டு வாறன்" என்று என் மகளைச் சொல்லிக் கீழே எழுதியிருந்தாய். மறுமொழி எழுதத் தொடங்கி ரெண்டு தரம் அழித்தேன். ரெண்டு வரியில் சொல்கிற கதையில்லை இது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், நாலு பேர் வாசித்தாலும் பரவாயில்லை, மட்டக்களப்புக் கல்லடியில் தொண்ணூறுகளில் டெனிஷ்காரனின் லெகோ பிளாஸ்டிக் கட்டியால் கோட்டை கட்டினவன் நம்மைத் தவிர வேறு யாரும் இருந்தானா என்றாவது தெரியவரும்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதை வாங்காதே. வாங்கிவிட்டாய் என்றால் உன் வீட்டிலேயே வை.

அது கூடாத சாமான் என்று சொல்லவில்லை. பெட்டி இலக்கம் 10305, சிங்க வீரர்களின் கோட்டை, 4514 துண்டு, 22 ஆக்கள். நிறுவனம் தொடங்கி 90 வருசம் என்று 2022இல் விட்டார்கள். அது வந்த ஆவணி மாதம் எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் அந்த நாளில் நான் பெற்றோலுக்கு கியூஆர் துண்டோடு வரிசையில் நின்றேன், நின்ற நேரத்தில்தான் அந்தக் கோட்டையைப் பற்றிய வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். நானூறு டொலர். அன்றைய கணக்குக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தண்ணீர்ச் சக்கரம் சுற்றுகிறது, சங்கிலியில் பாலம் ஏறி இறங்குகிறது, காட்டு மனிதர் ஒளிந்திருக்கிற ஒரு பொந்தும் உள்ளே மறைவாக இருக்கிறது, தலைவர் இந்த முறை ஒரு அரசி. வாயூறத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம்முடைய கோட்டை எப்படி வந்தது என்று யோசித்துப் பார். மாமா டென்மார்க்கில் பழைய சாமான் சந்தை ஒன்றில் யாரோ வீட்டுப் பிள்ளை வளர்ந்த பிறகு விற்றதை வாங்கினார். பெட்டி இல்லை, கட்டுகிற முறை போட்ட புத்தகம் இல்லை, ரெண்டு பிளாஸ்டிக் பையில் மொத்தமாகக் கொட்டிக் கொடுத்ததை அப்படியே முடிச்சுப் போட்டு, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டார். 94 கடைசி என்று நினைக்கிறேன். கொழும்பில் போய் எடுத்து வந்தது என் அப்பா. வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு இடத்தில் பையை மேசையில் கொட்டச் சொன்னார்களாம். சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள், அதுக்குள்ளே சின்னச் சின்ன வாள், ஈட்டி. அப்பாவுக்குக் கோட்டைக்குச் சிங்களம் தெரியாது. "செல்லம் படு, மஹத்தயா, செல்லம் படு" என்று விளையாட்டுச் சாமானுக்கு உள்ள சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மீசை முளைக்காத ஒரு சிப்பாய் ரெண்டு துண்டை எடுத்துப் பொருத்தினானாம். கழற்றினானாம். மறுகா பொருத்தினானாம். மூன்றாவதைக் கையில் எடுக்கும்போது பின்னால் நின்ற பஸ் ஹோர்ன் அடித்திருக்கிறது. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஹோர்ன் சத்தத்தையும் வாயால் அடித்துக் காட்டுவார்.

அது 6080 என்பதே எனக்கு இருபது வருசம் கழித்துத்தான் தெரிந்தது. 1984இல் வந்த அரசர் கோட்டை. உண்மையான படத்தை முதல் தரம் இன்டர்நெட்டில் பார்த்தபோது, இது என்ன, பிழையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நமக்குத் தெரிந்த கோட்டை ஒன்றே ஒன்றுதானே. கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் போய் புளியந்தீவில் இறங்கினால் வருகிற ஒல்லாந்தர் கோட்டை. (கட்டினது போர்த்துக்கீசர், 1628இல். பத்து வருசத்தில் ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள், கண்டி அரசன் ரெண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து. கட்டினவன் பேரை விட்டுப் பிடித்தவன் பேரைத்தான் ஊர் வைத்திருக்கிறது.) நாலு மூலையிலும் கொத்தளம், ரெண்டு பக்கம் வாவி, ரெண்டு பக்கம் அகழி. டெனிஷ்காரன் எத்தனை கோபுரத்துக்குத் துண்டு வைத்தானோ தெரியாது, நாம் இழுத்துப் பறித்து நாலு மூலைக்கும் பங்கு போட்டோம். துண்டு போதாத மூலையில் தீப்பெட்டி. தூக்குப் பாலம் ஐஸ்பழக் குச்சி. அம்மாவின் பெரிய பேசனில் தண்ணீர் விட்டு நடுவில் ஒரு செங்கல்லைப் போட்டு அதன் மேல் கோட்டையை வைத்தால் வாவி சரி. பாடும் மீன் கேட்கிறதா என்று நீ பேசனில் காதை வைத்ததும், காதுக்குள் தண்ணீர் போய் மூன்று நாள் காது வலி என்று மாமி உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் ஞாபகம் இருக்கா? பௌர்ணமிக்கு வாவிக்குள் துடுப்பை விட்டு மற்ற நுனியில் காதை வைத்துத்தான் கேட்பார்கள் என்று தாத்தா சொன்னதை நீ அரைவாசிதான் கேட்டிருந்தாய்.

அப்புறம் கோட்டைக்குள் யார் இருப்பது? அரசன் என்று நமக்குத் தோன்றவே இல்லை. நமக்குத் தெரிந்து கோட்டைக்குள் இருந்தது கச்சேரி, மாவட்டத்து அரசாங்க அலுவலகம். அம்மாவோடு ஏதோ ஒரு கடிதத்துக்குப் போய் வராந்தாவில் நின்ற இடம். அதனால் நம்முடைய கோட்டைக்கு ராஜா இல்லை, ஜீ.ஏ., அதுதான் அரசாங்க அதிபர், இருந்தார். வந்த பதினொரு பேரில் ஒருவனுக்குத் தலைக்கவசம் தொலைந்திருந்தது. தொப்பி இல்லாதவன் உத்தியோகத்தன் என்று நீதான் முடிவு செய்தாய். அவன்தான் ஜீ.ஏ. அவனுடைய குதிரை ஜீப். சிங்கம் போட்ட கேடயம் ரப்பர் முத்திரை. மற்றப் பத்துப் பேரும் ஈட்டியோடு வாசலில் வரிசையில் நிற்பார்கள், ஒவ்வொருவனாக உள்ளே போய் "ஐயா, நிவாரண அட்டை" என்பான், ஜீ.ஏ. "நாளைக்கு வாங்கோ" என்பார், அவன் வெளியே வந்து வரிசைக் கடைசிக்குக் கிறுகிப் போய் மறுகா நிற்பான். இதுதான் விளையாட்டு. முழு விளையாட்டும் இதுதான், ஒரு நாளும் யாரும் யாரையும் வாளால் வெட்டவில்லை. குஞ்சியப்பா ஒரு நாள் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, உங்கட ஜீ.ஏ.யை மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்டார்.

எல்லாருக்கும் ஒரே முகம், ரெண்டு கறுப்புப் பொட்டும் ஒரு சிரிப்பும். 1978இல் இந்தக் குட்டி மனிதர் வந்ததிலிருந்து 1989இல் கடற்கொள்ளையர் வரும் வரைக்கும் அவர்கள் முகத்தை மாற்றவே இல்லை என்று பிறகு வாசித்தேன். இது நம் விளையாட்டுக்கு எவ்வளவு பொருந்தியது பார். "நாளைக்கு வாங்கோ" என்று சொல்கிறவனும் சிரிக்கிறான், கேட்டுக்கொண்டு போகிறவனும் சிரிக்கிறான். வித்தியாசம் தெரியவேண்டும் என்று நான் ஜீ.ஏ.க்குப் பேனையால் மீசை கீறினேன். நீ ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது உன் மஞ்சள் கோட்டைக்கு வருவோம், ஏனென்றால் நம்முடைய சாம்பலை விட முதலில் வந்த மஞ்சள் கோட்டைதான் திறம் என்று தொலைபேசியில் சொல்லி என்னை மடக்கினதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஓம், குட்டி மனிதரோடு வந்த கோட்டைகளில் அந்த 375தான் முதலாவது. 1978, 767 துண்டு, 14 வீரர்.  குதிரையைக்கூடத் துண்டு துண்டாகக் கட்டவேண்டும். பெரிய சுவர்த் துண்டு போட்டு ஏமாற்றாமல் கல் கல்லாக அடுக்கிய கோட்டை என்று நீ சொல்வதும் சரி. (1978 என்றதும் அம்மா உடனே, "அது சூறாவளி அடிச்ச வருசம்" என்றா. கார்த்திகை 23. மட்டக்களப்பில் எதையும் சூறாவளிக்கு முந்தி, பிந்தி என்றுதானே கணக்கு வைப்பார்கள். அந்த வருசம் இங்கே நின்ற சுவரும் விழுந்தது, அங்கே பிள்ளைகளுக்குக் கோட்டை விற்றார்கள் என்று நான் சொன்னது அவவுக்குப் பிடிக்கவில்லை.) ஆனால் அது ஏன் மஞ்சள்? சாம்பல் கட்டி கொடுத்தால் பிள்ளைகள் டாங்கி செய்துவிடுவார்கள், யுத்த விளையாட்டு வேண்டாம் என்று முதலாளி குடும்பம் பயந்தது என்று சொல்வார்கள். நல்ல மனசுதான். நமக்கோ கை நிறையச் சாம்பல் கட்டி வந்து சேர்ந்தது. நாம் டாங்கி செய்யவில்லை மச்சான். கவச வாகனம் பார்க்க வேண்டுமென்றால் படலையைத் திறந்தால் போதும், அதை வீட்டுக்குள்ளும் கட்டி வைக்க யாருக்கு ஆசை வரும்? நாம் கச்சேரி கட்டினோம்.

அதனால் என் ஓட்டு சாம்பலுக்கு. மஞ்சளில் கச்சேரி வராது.

99இல் உங்களுக்கு விசா வந்தது. போகிறதுக்கு முதல் நாள் இரவு திண்ணையில் வைத்துப் பங்கு பிரித்தோம். மாமா வாங்கினது, உன்னுடையது என்று அம்மா சொன்னா. கோட்டை இருந்தது எங்கள் வளவில், பேசன் எங்கள் வீட்டுப் பேசன் என்று நான் சொன்னேன். கடைசியில் நீதான் வழி சொன்னாய்: சுவர் எனக்கு, ஆக்கள் உனக்கு. சூட்கேசில் சுவருக்கு இடமில்லை. பதினொரு பேரையும் குதிரைகளையும் நீ சொக்ஸுக்குள் போட்டுச் சுருட்டினாய். அது நல்ல பங்கு என்று அன்று இரவு எனக்குத் தோன்றியது. துண்டு எண்ணிக்கையில் பார்த்தால் எனக்குத்தானே கூட. காலையில் வான் போன பிறகு கோட்டையைத் திறந்து பார்த்தேன், வாசலில் வரிசை இல்லை. அதோடு அதை பால்மா டின்னுக்குள் கொட்டி மூடிவிட்டேன்.

அந்த டின் 2004 மார்கழி 26இல் வீட்டோடு போனது. அன்று போனவற்றில் அதை நான் ஒரு கணக்காகவே எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. மாசங்கள் கழித்துக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினபோது, சேற்றுக்குள் சாம்பலாக ஏதோ மூலை தெரிந்தது. கழுவினால் ஒரு சுவர். பிறகு மணலைக் கிளறும்போதெல்லாம் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தது, வேலி நாட்டும்போது, முருங்கை வைக்கும்போது. இப்போது அறுபத்து மூன்று துண்டு இருக்கிறது. இங்கிலாந்தில் கோர்ண்வால் கரையில் இப்படித்தான் இன்னும் லெகோ ஒதுங்குகிறதாம். 1997இல் டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்ற கப்பலிலிருந்து அலை அடித்து விழுந்த கொள்கலன்களில் ஒன்றில் கிட்டத்தட்ட 48 லட்சம் துண்டு இருந்ததாம். அதை வாசித்தபோது நமக்கு வந்தது ஒரு டின்தானே என்று நினைத்தேன். உப்புக்கும் வெயிலுக்கும் நிறம் கொஞ்சம் மங்கிப்போயிருக்கிறது. ஆனால் பொருத்தினால் "டிக்" என்று அதே சத்தம். 1958இல் செய்த கட்டியும் இன்றைக்குச் செய்கிற கட்டியும் ஒன்றோடொன்று பொருந்துமாம். நம்முடையது கிணற்றுக்குள் கிடந்தும் பொருந்துகிறது.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், போன கிழமை உன் மருமகள் அந்த டின்னைக் கண்டுபிடித்துவிட்டாள். (புது டின். பழைய பழக்கம், அதுவும் பால்மா டின்தான்.) என்னப்பா இது என்றாள். கோட்டை என்றேன். அறுபத்து மூன்று துண்டில் என்ன கோட்டை வரும், ரெண்டு சுவரும் ஒரு வாசலும் வந்தது. அவளிடம் நான் ஜீ.ஏ. கதை சொன்னேன். பின்னேரம் வந்து பார்க்கிறேன், மாமரத்துக்குக் கீழே கோட்டை நிற்கிறது, வாசலில் மஞ்சாடி விதைகள் வரிசையாக, நேர் கோட்டில், ஒன்றின் பின் ஒன்று. உள்ளே தனியாக ஒரு சோகி. அதுதான் ஜீ.ஏ.யாம். "நாளைக்கு வாங்கோ சொல்லுறவரா?" என்று கேட்டேன். இல்லையாம், இவர் இன்றைக்கே தருவாராம், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு சீனி மட்டும்.

அதற்குள் 4514 துண்டைக் கொண்டுவந்து எங்கே வைப்பது? அதற்கு ஒரு தடித்த புத்தகம் வரும், பக்கம் பக்கமாகப் பார்த்து நீயும் நானும்தான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கட்டுவோம், அவள் தள்ளி நின்று பார்ப்பாள், கட்டி முடிந்த பிறகு "கையை வைக்காதே, விழும்" என்று அவளை நாமே கலைப்போம். உனக்கு அந்தக் கோட்டை வேண்டுமென்றால் உனக்காக வாங்கு, வெட்கப்படாதே, லெகோ பிறந்த பில்லுண்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம். மருமகள் பேரைச் சொல்லி வாங்காதே.

அவளுக்கு நீ கொண்டுவர வேண்டியது அந்தப் பதினொரு பேரும்தான். மாமி எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பா, தைக்கிற பெட்டிக்குள் தேடிப் பார், அவ எல்லாவற்றையும் அதற்குள்தான் போடுவா. கொடுக்க மனமில்லை என்றால் ஆடி மாதம் மட்டும் இரவல் கொடு, போகும்போது சொக்ஸுக்குள் போட்டுத் திருப்பித் தருகிறேன். குதிரைக்குக் கால் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, ஜீப் கராஜில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஜீ.ஏ.யின் மீசையை மட்டும் அழித்திருந்தால் சொல்லிவிடு, நான் இங்கே ஒரு பேனை எடுத்து வைக்கிறேன்.